பழைய ஃபைபர்கிளாஸ் கிளைடர்கள்: பராமரிப்பும் பழுதுபார்ப்பும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மனிக்குப் படிக்க வரும் நம் மாணவர்களில் சிலர் அங்குள்ள கிளைடர் (எஞ்சின் இல்லாமல் காற்றில் மிதந்து பறக்கும் விமானம்) சங்கங்களில் சேர்கிறார்கள். பறக்கும் ஆசையோடு சேர்ந்தவர்களைச் சங்கம் முதல் குளிர்காலத்தில் பட்டறைக்குத்தான் அனுப்புகிறது, கையில் உப்புத்தாளைக் கொடுத்து. அங்கிருந்து அவர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்து, இயன்றவரை தெளிவாகப் பதில் எழுதியிருக்கிறேன். எந்தப் பதிலும் உங்கள் கிளைடரின் பராமரிப்புக் கையேட்டுக்கு மாற்றாகாது.

இது எங்க அப்பா வயசு கிளைடர். இதுல பறக்கலாமா?

பறக்கலாம், உலகெங்கும் பறந்துகொண்டுதான் இருக்கிறார்கள். கண்ணாடி இழையால் ஆன முதல் கிளைடரான எஃப்எஸ் 24 ஃபீனிக்ஸ், ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழக மாணவர் குழுவில் உருவாகி 1957 நவம்பரில் பறந்தது. 1960களின் நடுவில் கிளாஸ்ஃப்ளூகல் லிபெல்லே, 1969இல் ஸ்டாண்டர்ட் சிர்ரஸ், 1970களில் கிரோப் ஆஸ்டிர், ஏஎஸ்டபிள்யூ 19 என்று நூற்றுக்கணக்கில் வெளிவந்தவை இன்றும் சங்கங்களின் கொட்டகைகளில் உழைக்கின்றன.

கண்ணாடி இழையும் எப்பாக்சி ரெசினும் சேர்ந்த லாமினேட், பறக்கும்போது ஏற்படும் சுமைகளால் எளிதில் களைப்படைவதில்லை. மூப்பு முதலில் தெரிவது வேறிடங்களில்: மேற்பூச்சில், உலோக இணைப்புகளில், ஒட்டுப் பரப்புகளில், முன்பு யாரோ செய்துவிட்டுப் போன பழுதுபார்ப்புகளில். ஆகவே வயதைக் கேட்பதைவிட, இந்தக் கிளைடர் எங்கெல்லாம் அடிபட்டது, அங்கெல்லாம் யார் என்ன செய்தார்கள் என்று கேட்பது பயனுள்ளது.

ஃபைபர்கிளாஸ்னா உள்ளே வெளியே எல்லாம் ஒரே பொருள்தானா?

இல்லை. வெளியே நாம் காணும் வெள்ளைப் பூச்சு ஜெல்கோட். பெரும்பாலான பழைய கிளைடர்களில் அது பாலியெஸ்டர். அதற்கு வலிமையில் பங்கு எதுவும் இல்லை. அதன் கீழே எப்பாக்சியில் தோய்ந்த கண்ணாடித் துணி அடுக்குகள் உள்ளன. இறக்கையின் தோலில் ஒரு மெல்லிய கண்ணாடி அடுக்கு, நடுவில் இலேசான நிரப்புப் பொருள், மறுபடி ஒரு கண்ணாடி அடுக்கு என்று சாண்ட்விச் அமைப்பு இருக்கும். நடுப்பொருள் தொடக்க காலக் கிளைடர்களில் பால்சா மரமாகவும், பிந்தியவற்றில் பிவிசி நுரையாகவும் இருக்கும்.

இறக்கையை வளைக்கும் சுமையைத் தாங்குவது உள்ளே ஓடும் ஸ்பார். அதன் மேல், கீழ்ப் பட்டைகளில் இழைகள் அனைத்தும் இறக்கையின் நீளவாக்கில் செல்கின்றன. தோலில் உள்ள துணியோ பெரும்பாலும் 45 டிகிரி சாய்வாக இடப்பட்டு, இறக்கை முறுக்கிக்கொள்ளாமல் காக்கிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். கீழே பல பதில்கள் இதன் மேல்தான் நிற்கின்றன.

3000 மணி நேரம்தான் ஆயுள்னு சொல்றாங்களே, அதுக்கப்புறம் குப்பையா?

அந்த எண் பொருள் அழியும் நேரத்தைக் குறிப்பதன்று. ஃபைபர்கிளாஸ் புதிய பொருளாக இருந்த காலத்தில், அதுவரை சோதனையால் நிரூபிக்கப்பட்ட அளவைத்தான் அதிகாரிகள் வரம்பாக வைத்தார்கள். பின்னர் பிரவுன்ஷ்வைக் பல்கலைக்கழகத்திலும், ஆஸ்திரேலியாவில் மெல்போர்னில் ஜானஸ் என்ற ஃபைபர்கிளாஸ் கிளைடரின் இறக்கை ஒன்றை வைத்தும், பறக்கும்போது வரும் சுமைகளை இயந்திரத்தால் இலட்சக்கணக்கான தடவை திரும்பத் திரும்பக் கொடுத்துச் சோதித்தார்கள். அத்தகைய சோதனைகளின் அடிப்படையில், 3000 மணி நேரத்தில் தயாரிப்பாளர் வகுத்த சிறப்பாய்வை முடித்தால் 6000, பிறகு 9000, பல வகைகளில் 12,000 மணி நேரம் வரை நீட்டிப்பு கிடைக்கிறது.

உலோகத்தோடு ஒப்பிட்டால் இதன் அருமை விளங்கும். 2010 ஜூனில் ஆஸ்திரியாவில் ஓர் எல்-13 பிளானிக் கிளைடரின் இறக்கை பறக்கும்போதே முறிந்தது. ஸ்பாரில் ஏற்பட்ட உலோகக் களைப்பே காரணம் என்று தெரிந்து, அந்த அலுமினிய வகை முழுவதும் தரையில் நிறுத்தப்பட்டது. சங்கங்களில் ஃபைபர்கிளாஸ் கிளைடர்கள் சேவையை இழப்பது பெரும்பாலும் தரையில் பட்ட அடியாலும், பழுதுபார்க்கும் செலவு கிளைடரின் விலையைத் தாண்டிவிடுவதாலும்தான்.

இறக்கை மேல முடி மாதிரி கோடு கோடா வெடிச்சிருக்கு. இறக்கையே விட்டுடுச்சா?

மிகப் பெரும்பாலும் வெடித்திருப்பது ஜெல்கோட் மட்டுமே. இலேசாக வளையும் எப்பாக்சி லாமினேட்டின் மேல் நொறுங்கும் தன்மையுள்ள பாலியெஸ்டர் பூச்சு அமர்ந்திருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிர், ஈரம், உயரத்தில் கடுங்குளிரும் தரையில் வெப்பமும் மாறி மாறி வருவது ஆகியவற்றால் பூச்சு சுருங்கி இறுகி, ஒரு கட்டத்தில் பிளக்கிறது. ஏர்பிரேக் (இறங்குவதற்காக இறக்கையிலிருந்து எழும் தகடு) பெட்டியின் மூலைகளில்தான் இது முதலில் தெரியும்.

இருந்தாலும் "ஜெல்கோட்தானே" என்று எல்லாக் கோடுகளையும் ஒதுக்கிவிடக் கூடாது. பரவலாக, ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் மெல்லிய கோடுகள் மூப்பின் அடையாளம். தனியாக நிற்கும் ஒரு கோடு, ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரமாகப் பரவும் கோடுகள், வால் குழலைச் சுற்றி வளையமாகச் செல்லும் கோடு ஆகியவை அடிபட்டதன் அடையாளமாக இருக்கக்கூடும். அந்த இடத்தில் ஜெல்கோட்டைச் சிறிதளவு தேய்த்து எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். கண்ணாடி லாமினேட் ஒளியை ஊடுருவ விடும் தன்மையுடையது; நல்ல இடம் பச்சை அல்லது தேன் நிறத்தில் தெளிவாகத் தெரியும், உடைந்த அல்லது அடுக்குப் பிரிந்த இடம் வெண்மையாகத் தெரியும்.

மெழுகு போட்டா வெடிப்பு நின்னுடுமா?

நிற்காது, தள்ளிப்போகும். கடின மெழுகை ஆண்டுக்கு ஒரு முறையாவது துணிச்சக்கரத்தால் தேய்த்து ஏற்றினால் ஈரமும் புற ஊதாக் கதிரும் ஓரளவு தடுக்கப்படுகின்றன. ஏற்கெனவே விழுந்த வெடிப்பை மெழுகு மூடாது. சிலிக்கோன் கலந்த கார் பாலிஷை மட்டும் கிட்டவே கொண்டுவராதீர்கள். அது வெடிப்புகளுக்குள் இறங்கிவிட்டால், பிற்காலத்தில் அங்கே ஒட்டு வேலை செய்பவர் உங்களைச் சபிப்பார்.

கிளைடர் எல்லாம் ஏன் வெள்ளையாவே இருக்கு? நான் நீலம் அடிக்கிறேன்னா என்ன?

வெப்பம்தான் காரணம். எப்பாக்சி ரெசின் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையைத் தாண்டினால் இளகத் தொடங்கும். பெரும்பாலான கிளைடர்களின் வலிமை 54 டிகிரி செல்சியஸ் வரைதான் நிரூபிக்கப்பட்டுள்ளது. வெள்ளைப் பரப்பு வெயிலில் அந்த அளவுக்குள் நிற்கும். அடர்ந்த நிறம் நிற்காது. மே மாத நண்பகலில் நிறுத்தி வைத்த கறுப்புக் காரின் பானட்டைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இறக்கை நுனி, மூக்கு, ரட்டர் (வாலில் உள்ள திசைத் தகடு) போன்ற சில இடங்களில் எச்சரிக்கைப் பட்டைகளுக்கு நிறம் அனுமதிக்கப்படலாம். எங்கே, எவ்வளவு அகலம் என்பதைக் கையேடு சொல்லும். அதற்கு வெளியே பதிவெண்ணைத் தவிர வேறெதுவும் வேண்டாம்.

முழு ஜெல்கோட்டையும் எடுத்துட்டுப் புதுசா அடிக்கலாமா? எத்தனை நாள் வேலை?

அடிக்கலாம், ஆனால் தொடங்கும் முன் கணக்குப் பாருங்கள். பழைய பூச்சை உளியாலும் உப்புத்தாளாலும் எடுத்து, மேற்பரப்பின் வளைவுகளை வார்ப்புத் தகட்டால் ஒப்பிட்டுப் பட்டி பார்த்து, புதிய ஜெல்கோட்டோ பாலியூரிதேன் அல்லது அக்ரிலிக் பெயின்டோ தெளித்து, 400ஆம் எண் உப்புத்தாளிலிருந்து 1000ஆம் எண் வரை படிப்படியாக நீர் விட்டுத் தேய்த்து மெருகேற்றுவதற்குச் சில நூறு மணி நேர உழைப்பு வேண்டும். கூலி கொடுத்துச் செய்தால் அந்தச் செலவு பல பழைய கிளைடர்களின் சந்தை விலையையே மிஞ்சும்.

ஆபத்தான கட்டம் பழைய பூச்சை எடுக்கும் கட்டம். வெள்ளை மறைந்து கண்ணாடித் துணியின் நெசவு தெரியத் தொடங்கும்போதே நிறுத்த வேண்டும். சாண்ட்விச் தோலின் வெளி அடுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிப்புள்ளது. வேகமாகச் சுழலும் இயந்திரம் ஒரு நிமிடத்தில் அதன் பாதியைத் தின்றுவிடும். அழகுக்காகத் தொடங்கிய வேலை அப்போது வலிமையைச் சரிசெய்யும் வேலையாக மாறிவிடும். முகமூடியும் கையுறையும் கட்டாயம். கண்ணாடித் தூசி நுரையீரலுக்கும், எப்பாக்சியை இறுகவைக்கக் கலக்கும் ஹார்டனர் தோலுக்கும் பகை. எப்பாக்சி ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் ஆயுள் முழுக்க இந்தத் தொழிலை விட வேண்டியதாகலாம். பாலியூரிதேன் பெயின்டில் உள்ள ஐசோசயனேட் என்ற நச்சுப் பொருளுக்குச் சாதாரண தூசி முகமூடி போதாது.

ரட்டர்ல நூறு கிராம் பெயின்ட் கூடினா என்ன ஆகிடும்?

இந்தப் பக்கத்தில் நான் மிக அழுத்திச் சொல்ல விரும்பும் பதில் இதுதான். கிளைடரை இயக்கும் அசையும் பரப்புகளான எய்லரான் (இறக்கையில்), ரட்டர், எலிவேட்டர் (இரண்டும் வாலில்) ஆகியவை கீலில் தொங்குகின்றன. கீலுக்குப் பின்னால் எடை கூடினால், வேகத்தில் அவை தாமாகவே அதிரத் தொடங்கும் வாய்ப்பு அதிகமாகிறது. ஃப்ளட்டர் எனப்படும் அந்த அதிர்வு தொடங்கினால் சில வினாடிகளில் கிளைடர் சிதைந்துவிடக்கூடும். கீலிலிருந்து தொலைவாக, பின் ஓரத்தில் சேரும் சிறு எடையும் நெம்புகோல் விதிப்படி பெரிதாகிறது என்பதால் நூறு கிராம் சிறிய விஷயமன்று.

ஆகவே கட்டுப்பாட்டுப் பரப்புகளில் பூச்சோ ஒட்டோ செய்த பிறகு, அதைக் கழற்றிக் கீலில் தாங்கவைத்து, பின் ஓரத்தில் துல்லியத் தராசால் எடையை அளந்து, கீலிலிருந்து உள்ள தொலைவால் பெருக்க வேண்டும். விடை கையேட்டில் கொடுக்கப்பட்ட வரம்புக்குள் இருக்க வேண்டும். மீறினால் பூச்சைக் குறைக்க வேண்டும், அல்லது கையேடு அனுமதித்தால் கீலுக்கு முன் உள்ள சமன் எடையைக் கூட்ட வேண்டும். முழுக் கிளைடரின் வெற்றெடையையும் ஈர்ப்பு மையத்தையும் புதிதாக அளந்து பதிவதும் இதோடு சேர்ந்த வேலைதான்.

வெளியே ஒண்ணும் தெரியல, ஆனா இங்க அடிபட்டதுன்னு தெரியும். எப்படிப் பார்க்கறது?

முதலில் நாணயத்தால் தட்டுங்கள். நல்ல சாண்ட்விச் கணீரென்று ஒலிக்கும். தோல் நுரையிலிருந்து பிரிந்த இடம் சொத்தென்று ஒலிக்கும். மறுபக்க இறக்கையில் அதே இடத்தைத் தட்டி ஒப்பிடுவது நல்லது, ஏனெனில் விலா எலும்பு எனப்படும் குறுக்குச் சட்டத்துக்கும் ஸ்பாருக்கும் மேல் ஒலி இயல்பாகவே மாறும். அடுத்து விளக்கை உள்ளே வைத்து, ஜெல்கோட் எடுத்த சிறு சாளரத்தின் வழியே மேலே சொன்ன வெண்மையைத் தேடுங்கள்.

இறக்கை முழுமைக்கும் ஒரு பழைய நல்ல முறை உண்டு. இறக்கைகளைப் பொருத்திக் கிளைடரை நிறுத்தி, இறக்கை நுனியைப் பிடித்து அதன் இயல்பான தாளத்தில் மேலும் கீழும் ஆட்டி, ஒரு நிமிடத்துக்கு எத்தனை அலைவு என்று எண்ணுவார்கள். ஜெர்மன் ஆய்வாளர்கள் இந்த எண்ணை ஆண்டுதோறும் குறித்து வைக்கிறார்கள். டயர் காற்றும் தாங்கிய விதமும் மாறாமல் இருக்க, அலைவு எண் மட்டும் முந்தைய ஆண்டைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தால், எங்கோ விறைப்பு போயிருக்கிறது என்று பொருள்.

கிரவுண்ட் லூப் ஆச்சு. இறக்கை நுனி மட்டும்தான் உரசிச்சு. போதுமா பார்த்தது?

போதாது. ஓர் இறக்கை நுனி தரையைத் தொட்டுக் கிளைடர் சுழலும்போது வால் பக்கவாட்டில் வீசப்படுகிறது. எனவே வால் குழல், செங்குத்து வாலின் அடிப்பகுதிக்குச் சற்று முன்னால், முதலில் உடையும் இடம். அங்கே வளையமான வெடிப்பு உண்டா என்று பாருங்கள். ஒருவர் உடற்கூட்டைப் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் வாலை மெதுவாக முறுக்கி, நொறுங்கும் ஓசை கேட்கிறதா என்று கவனிக்கட்டும். அதன்பின் இறக்கையும் உடற்கூடும் சேரும் ஊசிகள், அவற்றின் புஷ்கள், இறக்கை வேரில் (உடற்கூட்டோடு சேரும் முனையில்) உள்ள விலா எலும்பின் ஒட்டு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இறக்கை நுனியை முன்னும் பின்னும் தள்ளினால் முன்பில்லாத தளர்வு இருந்தால் பறக்காதீர்கள்.

சின்ன ஓட்டைதான். அரால்டைட் போட்டு அடைச்சுட்டா?

வேண்டாம். ஒட்டுவது மட்டும் போதாது. சுமை ஓட்டையின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு இழைகளின் வழியே செல்ல வேண்டும். பசை நிரப்பிய ஓட்டையில் இழை இல்லை. படகுக்கடைகளில் கிடைக்கும் பாலியெஸ்டர் ரெசினும் கூடாது. காய்ந்த எப்பாக்சியின் மேல் அது நம்பத்தக்க முறையில் பிடிக்காது.

அப்போ சரியான ஒட்டு எப்படிப் போடணும்?

உடைந்த பகுதியை நல்ல லாமினேட் வரும்வரை வெட்டி எடுத்து, சுற்றிலும் சரிவாகத் தேய்க்க வேண்டும். சரிவின் நீளம்தான் ஒட்டின் உயிர். கையேடு 1:50 என்று சொன்னால், ஒரு மில்லிமீட்டர் தடிப்புக்கு 50 மில்லிமீட்டர் நீளச் சரிவு. இரண்டு சென்டிமீட்டர் ஓட்டைக்காக ஒரு தட்டளவு பரப்பைத் தேய்ப்பதைக் கண்டு புதியவர்கள் திகைப்பார்கள்; ஒட்டுப் பரப்பு அவ்வளவு இருந்தால்தான் பழைய இழையின் சுமை புதிய இழைக்கு மெல்ல மாறும்.

துணியின் வகை, அடுக்குகளின் எண்ணிக்கை, திசை மூன்றும் அசலைப் போலவே இருக்க வேண்டும். அசலில் இன்டர்கிளாஸ் 92125, அதாவது சதுர மீட்டருக்கு 280 கிராம் துணி, 45 டிகிரியில் இடப்பட்டிருந்தால் நீங்களும் அதையே அதே திசையில் இட வேண்டும். கூடுதல் பாதுகாப்புக்கு என்று இரண்டு அடுக்கு அதிகம் வைப்பது தவறு. அந்த இடம் அளவுக்கு மீறி விறைத்து, அதன் ஓரத்தில் சுமை குவியும். ரெசினை எடையால் அளந்து கலக்க வேண்டும். உதாரணமாக, எல்285 ரெசினுக்கு அதன் ஹார்டனர் நூறுக்கு நாற்பது. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டுவது பாலியெஸ்டர் பழக்கம். எப்பாக்சியில் அது ஒட்டைக் கெடுக்கும். ஒட்டுப் பசையைக் கெட்டியாக்கப் பஞ்சுத் துகளும், மேற்பரப்பைச் சமன்செய்ய மைக்ரோ பலூனும் (உள்ளீடற்ற நுண்ணிய உருண்டைகளாலான தூள்) பயன்படும். மைக்ரோ பலூன் கலந்த பட்டிக்கு வலிமை கிடையாது என்பதால் இரண்டையும் மாற்றிப் போடக் கூடாது.

ரெசின் காய்ஞ்சு கல்லு மாதிரி ஆயிடுச்சு. இன்னும் சூடு வேற வைக்கணுமா?

வைக்க வேண்டும். அறை வெப்பத்தில் இறுகிய எப்பாக்சி தொடுவதற்குக் கடினமாக இருந்தாலும், அதன் இளகும் வெப்பநிலை இன்னும் தாழ்ந்தே இருக்கும். நிறம் பற்றிய பதிலில் சொன்ன 54 டிகிரியை அது தாங்க வேண்டுமானால், பழுது பார்த்த இடத்தைச் சுற்றிக் கூடாரம் அமைத்து, ரெசின் தயாரிப்பாளர் சொன்ன வெப்பத்தில், பொதுவாக 50 முதல் 60 டிகிரியில், பல மணி நேரம் வைத்திருக்க வேண்டும். வெப்பத்தை மெல்ல ஏற்றி மெல்ல இறக்குங்கள். பல இடங்களில் வெப்பமானி வையுங்கள். சூடாக்கும் நேரத்தில் பாகம் சரியான வடிவில் தாங்கப்படாவிட்டால் அது கோணிய வடிவிலேயே நின்றுவிடும்.

கையேட்டுல போட்டிருக்கற ரெசின் இப்போ கடையிலயே இல்லையே?

1970களின் கையேடுகளில் உள்ள பல ரெசின்கள் இன்று தயாரிப்பில் இல்லை. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் மாற்று ரெசின்களின் பட்டியலைச் சர்வீஸ் புல்லட்டின் எனப்படும் தொழில்நுட்ப அறிவிப்பாகவோ திருத்திய பழுதுபார்ப்புக் கையேடாகவோ வெளியிட்டிருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் உள்ளதையே வாங்குங்கள். பட்டியலில் இல்லாத ஒன்று தரத்தில் உயர்ந்ததாகவே இருந்தாலும், அதைப் பயன்படுத்தினால் ஆய்வாளர் கையெழுத்திட மாட்டார்.

கம்பெனியே மூடிப்போச்சு. யாரைக் கேட்கறது?

பெயர் மறைந்தாலும் பொறுப்பு பெரும்பாலும் வேறு கைக்கு மாறியிருக்கும். கிளாஸ்ஃப்ளூகல் 1980களின் தொடக்கத்தில் நின்றது. அதன் வகைகளை ஹான்ஸ்யோர்க் ஷ்ட்ரைஃபெனெடரின் நிறுவனம் ஏற்றது. ரோலாடன்-ஷ்னைடர் 2003இல் நொடித்தபின் அதன் எல்எஸ் வகைகள் டிஜி நிறுவனத்திடம் சென்றன. யாருமே பொறுப்பேற்காத வகைகளுக்கு ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை தனி ஏற்பாடு வைத்திருக்கிறது. ஆவணமும் உதிரிப் பாகமும் இலவசமாகக் கிடைக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

ஃபைபர் நல்லாருக்கு. வேற எதைப் பார்க்கணும்?

நேர்மையாகச் சொன்னால், இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இறக்கையைப் பூட்டும்போது கட்டுப்பாட்டுக் கம்பிகளைக் கையால் இணைக்கும் லோட்டெலியே பந்து இணைப்புகள் பழைய கிளைடர்களில் பரவலாக உள்ளன. அவை சரியாகப் பூட்டாமல் பறந்து நிகழ்ந்த விபத்துகள் உண்டு என்பதால், பாதுகாப்பு ஊசியோ உறையோ கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. பந்தின் தேய்மானத்தையும் பாருங்கள். கிளைடரை மேலே இழுக்கும் கயிற்றைப் பிடித்து விடும் டோஸ்ட் கொக்கிக்கு 10,000 இயக்கங்கள், அதாவது ஏறத்தாழ 2000 தடவை மேலே கிளம்பியது, ஆனதும் பழுதுபார்ப்பு உண்டு. இருக்கைப் பட்டை பார்க்கப் புதிதாக இருந்தாலும் பொதுவாக 12 ஆண்டுகளில் மாற்றப்பட வேண்டும். இறக்கைக்குள் ஓடும் எஃகுக் கம்பிகளில் ஈரத்தால் வரும் துரு கண்ணில் படாது. கிளைடரைக் கழற்றி வைக்கும் டிரெய்லரில் காற்றோட்டம் இல்லையென்றால் அது விரைந்து வளரும்.

நானே செஞ்சுக்கலாமா? யார் கையெழுத்துப் போடணும்?

ஐரோப்பாவில் 2020 மார்ச் முதல் நடப்பில் உள்ள பார்ட்-எம்எல் விதிகள், உரிமையாளராகவும் விமானியாகவும் இருப்பவருக்குச் சிறு பராமரிப்பு வேலைகளின் பட்டியல் ஒன்றைத் தருகின்றன. மெழுகு, பாகங்களுக்கு இடையிலுள்ள இடைவெளியை மூடும் ஒட்டுநாடா, சிறு பூச்சுத் திருத்தம் போன்றவை அந்த வகை. சுமை தாங்கும் லாமினேட்டில் ஒட்டுப் போடுவதை உரிமம் உள்ளவரின் மேற்பார்வையில் நீங்கள் செய்யலாம். மீண்டும் பறக்கலாம் என்று விடுவிக்கும் கையெழுத்து அவருடையது. வேலையைத் தொடங்குமுன் அவரை அழைத்துக் காட்டுங்கள். முடித்துப் பூச்சும் அடித்தபின் காட்டினால், உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்க அவர் அதைத் திரும்பத் திறக்கச் சொல்வார், சொல்லவும் வேண்டும்.

பழைய கிளைடர் ஒண்ணு வாங்கப் போறேன். முன்னாடி செஞ்ச ரிப்பேர் சரியான்னு எப்படித் தெரியும்?

முதலில் காகிதம். ஒவ்வொரு பெரிய பழுதுக்கும் அறிக்கை, அடுக்குகளின் படம், ரெசின் பெயர், சூடேற்றிய பதிவு, அதற்குப் பிந்தைய எடை அறிக்கை இருக்க வேண்டும். விபத்து நடந்த ஆண்டுக்கும் எடை அறிக்கைக்கும் இடையே பொருத்தமில்லை என்றால் கேளுங்கள். பிறகு பரப்பைத் தாழ்ந்த கோணத்தில் விளக்கடித்துப் பாருங்கள்: ஒட்டின் ஓரம் மெல்லிய மேடாகத் தெரியும், வெண்மையின் சாயல் மாறியிருக்கும், உள்பக்கத்தில் துணியின் நெசவு வேறுபடும். எல்லா ஒட்டும் கெட்டதன்று. தேர்ந்த பட்டறையின் ஒட்டு அசலுக்கு இணையானது. பதிவில் இல்லாத ஒட்டுதான் அஞ்சத்தக்கது.

ஸ்பார்ல வெள்ளையா ஒரு இடம் தெரியுது. அதையும் இதே மாதிரி ஒட்டிடலாமா?

கூடாது. தோலுக்குச் சொன்ன முறை ஸ்பாருக்குப் பொருந்தாது. இறக்கையின் முழுச் சுமையும் செல்லும் நேரிழைகளைச் சரிவாகத் தேய்ப்பதே அந்த இடத்தை இன்னும் பலவீனமாக்கும். அங்கே தேவையான சரிவின் நீளமும் மிகப் பெரிது. பல கையேடுகள் ஸ்பார் பழுதைத் தயாரிப்பாளரிடமோ அவர் ஏற்ற பட்டறையிடமோ மட்டுமே விடுகின்றன.

நீங்கள் செய்யக்கூடியது, அந்த இடத்தை அளவுகோலோடு படமெடுத்து, இறக்கை வேரிலிருந்து உள்ள தொலைவையும் மேலே சொன்ன அலைவு எண்ணையும் சேர்த்து எழுதி அனுப்புவது. தயாரிப்பின்போதே ரெசின் குறைந்து வெளுத்துப்போன இடமாகவும் அது இருக்கலாம். அப்படியானால் அளவைக் குறித்து வைத்து ஆண்டுதோறும் கண்காணிக்கச் சொல்வார்கள். பதில் வரும்வரை கிளைடர் டிரெய்லரிலேயே இருக்கட்டும்.